யாரும் உட்காராத நாற்காலி

"அப்போ பிடிவாதம் உங்க வீட்டம்மாவோடது, திட்டு மட்டும் எனக்கா? இது என்ன நியாயம், தம்பி?"

"நியாயம் பேசாதீங்கண்ணே. கோயில் வெக்கறவங்க யாராவது மாடியில கொண்டுபோய் வெப்பாங்களா?"

"வேற இடம் கெடச்சா வெக்கமாட்டோமா? கீழ டயர் கடை. டயருக்கு நடுவுலயா சாமியை உக்கார வெக்கச் சொல்றீங்க?"

"லிஃப்ட் என்ன ஆச்சு?"

"சுவத்துல ஒரு ஆணி அடிக்கக்கூட விடமாட்டேங்கிறார் கட்டடக்காரர். அவர் வீட்டுக்கு எத்தனை நடை நடந்திருப்பேன்? என் செருப்பைக் கேளுங்க, அது சொல்லும்."

"உங்க செருப்பு கீழதான் கெடக்கு. என் சம்சாரமும் அதுக்குப் பக்கத்துலதான் உக்காந்திருக்கா. கேட்டுச் சொல்லச் சொல்றேன்!"

படிக்கட்டின் உச்சியில் நின்று இரண்டு ஆண்கள் இப்படி மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கோயில் செயலாளர். பூஜை நேரத்தில் மைக்கைக் கையை விட்டு இறக்கவே மாட்டார் என்பதால் எல்லோருக்கும் அவர் மைக் அண்ணன். கையில் மைக் இல்லாதபோதும் அந்தக் குரல் குறைந்து யாரும் கேட்டதில்லை. இன்னொருவர் எலக்ட்ரீஷியன். கோயிலில் ஒரு பல்பு அணைந்தாலும் அவருக்குத்தான் போன் போகும்.

சம்சாரம் என்று அவர் சொன்ன அந்த அம்மாள், சொன்ன இடத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். படிக்கட்டின் அடியில், செருப்பு அடுக்கும் பலகைக்குப் பக்கத்தில், ஒரு மடக்கு ஸ்டூலில், கைத்தடியை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் நிறுத்திக்கொண்டு. மேலே பேசினால் படிக்கட்டு வழியாக ஒரு சொல் சிந்தாமல் கீழே வந்து சேரும். தன்னை வைத்து இரண்டு பேர் சண்டை போடுவதை ஒரு மனுஷி எவ்வளவு நேரம்தான் கேட்டுக்கொண்டிருப்பாள்? கைத்தடியால் கைப்பிடிக் கம்பியை டங்கென்று ஒரு தட்டுத் தட்டினாள்.

"ஏங்க, இறங்கி வாங்க. உங்க சத்தத்துல அம்பாளே காதைப் பொத்திக்குவா."

மேலே சண்டை நின்றது.

கோயிலில் அவளுக்கு விளக்கக்கா என்று பெயர். ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை. நாள் பூராவும் ஈரத்துணி மூட்டையைத் தூக்கி மிஷினில் போட்டு எடுக்கிற வேலை. அந்தக் கை சும்மா இருக்காது. வியாழக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து நேராகக் கோயிலுக்கு வந்து, குத்துவிளக்கு, தூக்குவிளக்கு, அடுக்கு தீபம் எல்லாவற்றையும் புளி போட்டுத் தேய்த்து, துடைத்து, வரிசையாக வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள். யாரும் சொல்லிச் செய்ததில்லை. ஒரு தரம் விளக்கில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியிருந்ததைப் பார்த்தாள், மனசு கேட்கவில்லை, தேய்த்தாள். அதுவே பெயராகிவிட்டது.

பிறகு ஒருநாள் சலவை அறையின் ஈரத் தரையில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்துபோனது. ஆபரேஷன் செய்து, உள்ளே தகடு வைத்து, பிழைத்தெழுந்தாள். சமதரையில் தடி ஊன்றி நடக்கலாம். படி மட்டும் ஆகாது, இனி எப்போதும் ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதைக் கேட்டதும் அவள் மனதில் வந்தது வீட்டு வாசல்படியோ பஸ் படியோ அல்ல. டயர் கடைக்கு மேலே ஏறிப்போகிற, நடுவில் ஒடித்துத் திரும்புகிற இந்தப் படிக்கட்டுதான்.

அதற்குப் பிறகும் ஒரு வெள்ளிக்கிழமை விடாமல் வந்தாள். புருஷன் காரில் கூட்டிவந்து ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டு மேலே போவார். அவள் கீழேயே இருப்பாள். மணி அடிக்கிற விதத்தை வைத்தே மேலே என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுவாள். இப்போது அபிஷேகம் முடிந்தது, இப்போது திரை போட்டாயிற்று, இப்போது திரை விலகுகிறது. விலகும்போது ஸ்டூலில் உட்கார்ந்தபடியே கண்ணை மூடிக் கை கூப்புவாள். எதிரே தெரிவது டயர் கடையின் பின்கதவுதான் என்பதால் கண்ணை மூடிக்கொள்வதே நல்லது.

விளக்குகளும் அவளைத் தேடி வந்தன. புருஷன் வாரா வாரம் ஒரு சாக்குப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவார். கறுத்துப்போய் வரும், பளபளவென்று போகும். "நான் தேய்ச்சதெல்லாம் மேல போகுது, நான் மட்டும் போக முடியல" என்று ஒருநாள் விளக்கைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எலக்ட்ரீஷியன் அன்று ராத்திரி சாப்பாட்டில் கைவைக்கவில்லை.

அடுத்த நாளே அவர் ஒரு நாற்காலி செய்ய ஆரம்பித்தார். கைப்பிடி வைத்த நல்ல கனமான இரும்பு நாற்காலி, கடை கடையாக ஏறி அவரே புதிதாக வாங்கியது. சுவருக்குள் ஒயர் ஓட்டுகிற இரும்புக் குழாய் இரண்டை எடுத்து, அடியில் இரண்டு பக்கமும் கவ்வி போட்டு முடுக்கினார். முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர், பல்லக்கு மாதிரி தூக்கலாம். மேலே மெத்தை தைத்து, குழாய் முனையில் கை வழுக்காமல் இருக்க ரப்பர் சுற்றி, பெருமையாக அவள் முன்னால் கொண்டுவந்து வைத்தார்.

அவள் அதைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள்.

"நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க. ஆனா நாலு பேரு என்னைத் தூக்கிட்டுப் போற நாள்னு ஒண்ணு எப்படியும் வரும். அதுக்கு இப்பவே ஒத்திகை பார்க்கணுமா?"

 அவள் சொல்லாமல் விட்ட காரணமும் ஒன்று இருந்தது. ஆஸ்பத்திரியில் அவள் பார்த்திருக்கிறாள். நாற்காலியில் வைத்துத் தள்ளப்படுகிற மனிதரின் தலைக்கு மேலே மற்றவர்கள் பேசிக்கொள்வார்கள். இவர் சாப்பிட்டாரா, இவருக்கு மாத்திரை கொடுத்தாச்சா என்று. உட்கார்ந்திருப்பவர் அங்கேயே இல்லாதது போல. விழுந்த அன்று அவளையும் அப்படித்தான் கொண்டுபோனார்கள். வாழ்நாளெல்லாம் மூட்டை தூக்கினவளுக்கு, தானே மூட்டையான அந்த நாள் மனதில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

நாற்காலி செருப்பு வைக்கிற இடத்தின் மூலைக்குப் போனது. மேலே ஒரு பழைய போர்வை. விளையாட்டுக்குக்கூட ஒரு குழந்தையை அதில் உட்கார விடமாட்டாள் அவள். யாராவது உட்கார்ந்து பார்த்துவிட்டு, "நல்லாருக்கே அக்கா, வாங்க தூக்குறோம்" என்று ஆரம்பித்துவிட்டால்?

சண்டை நடந்த அந்த வெள்ளிக்கிழமை, இறங்கி வந்த புருஷனிடம் அவள் மெதுவாகச் சொன்னாள்.

"அடுத்த வாரத்துலேர்ந்து நான் வரலைங்க. என்னால உங்களுக்குள்ள மனஸ்தாபம் வேண்டாம். வீட்லயே ஒரு படம் இருக்கு, அதுக்கு ஒரு விளக்கு ஏத்திக்கிறேன். விளக்கை மட்டும் கொண்டுவாங்க, தேய்ச்சுத் தர்றேன்."

அவர் பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து குருக்கள் குரல் கேட்டது. வழக்கம்போல் அவளுக்குத் தீர்த்தமும் பூவும் எடுத்துக்கொண்டு இறங்கி வந்திருந்தார். ஒரு வாரம்கூட இதை அவர் வேறு ஆளிடம் கொடுத்துவிட்டதில்லை. எத்தனை கூட்டமென்றாலும் தானே இறங்கி வருவார்.

"வரலைன்னு சொன்னது என் காதுல விழுந்துடுச்சு" என்றார்.

"விழட்டும் சாமி. நீங்க இத்தனை நாள் இறங்கி வந்து குடுத்ததே பெரிசு. அதை நான் மறக்கமாட்டேன்."

குருக்கள் தீர்த்தத்தை அவள் கையில் விட்டார். அவள் பருகிவிட்டுத் தலையில் தடவிக்கொள்ளும் வரை காத்திருந்தார். பிறகு மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"செயலாளரே! உற்சவர்னு ஒருத்தியை உள்ள வெச்சிருக்கோமே, எதுக்காம்?"

மூலவர் என்பது கருவறைக்குள் இருக்கிற கல் விக்கிரகம். அது இடம்விட்டு அசையாது. கோயிலுக்குள் வரமுடியாதவர்களையும் பார்க்க வேண்டுமே என்பதற்காக, வெளியே போய்வர ஐம்பொன்னில் ஒரு அம்பாள். அவள்தான் உற்சவர். இந்தக் கோயிலிலும் இருந்தாள். ஆனால் வந்த நாள் முதலாக மாடியை விட்டு இறங்கினதே இல்லை.

மைக் அண்ணன் படியில் எட்டிப் பார்த்தார். "எதுக்குன்னா? புறப்பாட்டுக்குத்தான்."

"எப்போ புறப்பட்டா?"

மைக் அண்ணன் தலையைச் சொறிந்தார். 

"அந்தம்மாவால மேல வர முடியல. அம்பாளால கீழ வர முடியும். அடுத்த வெள்ளிக்கிழமை வரட்டும்" என்று சொல்லிவிட்டுக் குருக்கள் படியேறிப் போய்விட்டார்.

விளக்கக்காவுக்கு அந்த வாரம் முழுக்கக் கை ஓடவில்லை. விளக்கைத் தேய்த்ததையே திரும்பத் தேய்த்தாள். தனக்காகவா, தன் ஒருத்திக்காகவா? நினைக்கும்போதே கூச்சமாக இருந்தது. நினைக்காமலும் இருக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஸ்டூலில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டு இருந்தாள். மேலே அலங்காரம் நடப்பது தெரிந்தது. வளையல் சத்தம், தட்டுச் சத்தம். குருக்கள் அம்பாளிடம் வெளியே எழுந்தருள உத்தரவு கேட்கும் மந்திரம். மணி. பல்லக்கை நகர்த்துகிற கரகரப்பு.

பல்லக்கு தச்சர் செய்தது. கோயில் ஆரம்பித்த காலத்தில், உள்ளே மரவேலை நடந்தபோது, மிச்ச மரத்தில் அங்கேயே உட்கார்ந்து இழைத்துச் செய்தார். தேக்கு. நான்கு பக்கமும் கிளி. எப்போதாவது சொந்த இடம் வந்தால் அம்பாள் ஊர்வலம் போகவேண்டும் என்று ஆசை. அது வரைக்கும் மண்டபத்தின் ஒரு ஓரத்தில், மேலே மடக்கு நாற்காலிகளைச் சுமந்துகொண்டு காத்திருந்தது.

இப்போது மேலேயிருந்து டமாலென்று ஒரு சத்தம். சுவரில் மரம் இடிக்கிற சத்தம். தொடர்ந்து மைக் அண்ணன்.

"திருப்பு, திருப்பு! உன் பக்கம் தூக்கு!"

"தூக்கினா கிளி இடிக்குது!"

"கிளியை மடக்கு!"

"மரக்கிளியை எப்படிண்ணே மடக்குறது? பறக்கவா போகுது?" இது தச்சர்.

இன்னொரு டமால்.  பிறகு தச்சரின் குரல் தணிந்து வந்தது.

"திரும்பாதுண்ணே. படி ஒடியிற இடத்துல திரும்பாது. அம்பாள் உயரம் பார்த்தேன், பூமாலைக்கு இடம் விட்டேன், தோள் வலிக்காம இருக்க கொம்பைக்கூட இழைச்சேன். படியை அளக்கல."

"உள்ள வெச்சுச் செஞ்சியே, வெளியில எப்படிப் போகும்னு யோசிக்க மாட்டியா?"

"நீங்களுந்தானே தினம் அதுமேல நாற்காலி அடுக்கினீங்க. உங்களுக்குத் தோணிச்சா?"

கீழே விளக்கக்கா கண்ணை மூடிக்கொண்டாள். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கைத்தடியால் கம்பியைத் தட்டினாள்.

"போதும் விடுங்க! நீங்க இவ்வளவு பண்ணதே எனக்குப் பார்த்த மாதிரிதான். அம்பாளை உள்ள கொண்டுபோய் வெச்சிடுங்க."

"அது ஆகாதும்மா!" மேலிருந்து குருக்கள். "புறப்படுன்னு உத்தரவு வாங்கியாச்சு. அவ பீடத்தை விட்டு எழுந்தாச்சு. வாசலைப் பார்க்காம திரும்ப உக்காருன்னு நான் எப்படிச் சொல்றது?"

"கையில தூக்கிட்டு வந்துடலாமா?" என்றார் யாரோ.

"எடுத்துப் பாரு, தெரியும். ரெண்டு ஆளு கட்டிப்பிடிச்சாலும் அசையாத கனம். கைநழுவினா யாரு பொறுப்பு?"

அப்போதுதான் தடதடவென்று இறங்கி வந்தார் எலக்ட்ரீஷியன். மூச்சு வாங்கியது. நேராக மூலைக்குப் போனார். போர்வையை உருவினார்.

"அதை எதுக்குங்க எடுக்கறீங்க?" என்றாள் அவள்.

அவர் அவளைப் பார்க்கவில்லை. நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டே, "இது திரும்பும். நான் உனக்காகப் படியை அளந்துதான் செஞ்சேன்" என்றார். சொல்லிவிட்டு ஏறிப்போய்விட்டார்.

மேலே மறுபடியும் பேச்சு கிளம்பியது.

"மனுஷங்க உக்காந்த நாற்காலியில அம்பாளையா வெக்கறது?" மைக் அண்ணன்.

"யாருமே உக்காரலண்ணே."

"யாருமேவா? நம்புற மாதிரி சொல்லுங்க. குழந்தைங்க இருக்காங்க, வர்றவங்க போறவங்க இருக்காங்க..."

"அவகிட்டயே கேளுங்க."

மைக் அண்ணன் படியில் பாதி தூரம் இறங்கிக் குனிந்து பார்த்தார். "அக்கா, உண்மையைச் சொல்லுங்க. இதுல யாராவது உக்காந்தாங்களா?"

விளக்கக்கா மூலையைத் திரும்பிப் பார்த்தாள். எத்தனை குழந்தைகளை விரட்டியிருப்பாள் அந்த மூலையிலிருந்து. எத்தனை பேர் முறைத்திருப்பார்கள். வெட்கத்துக்காக அவள் போட்ட காவல்.

"ஒருத்தரும் உக்காரல. நான் விடல" என்றாள்.

"சரி, ஆனா செருப்பு வெக்கற இடத்துலதானே கெடந்துச்சு..." என்று மைக் அண்ணன் இழுத்தார்.

குருக்கள் குறுக்கிட்டார். அவர் சத்தம் போட்டுப் பேசுகிறவர் அல்ல. அன்றைக்கும் சத்தம் போடவில்லை.

"அந்தம்மாவும் இத்தனை மாசமா அங்கதான் உக்காந்திருக்காங்க. அவங்க தேய்ச்ச விளக்கைத்தான் தினம் அம்பாளுக்குக் காட்டறேன். நாற்காலிக்கு ரெண்டு சொட்டு தண்ணி தெளிச்சா போதும். நம்ம மனசுக்குத்தான் குடம் குடமா வேணும்."

 மைக் அண்ணன் படியேறிப் போய், தோளிலிருந்த துண்டை எடுத்து நாற்காலியைத் துடைக்க ஆரம்பித்தார். "விடுங்க, என் துண்டாலயே துடைக்கறேன்" என்று அவர் சொன்னது கீழே வரை கேட்டது.

சாயாமல் கட்டுவதற்குக் கயிறு தேடினார்கள். டயர் கடைக்காரர் இத்தனை சத்தத்தையும் கேட்டுக் கதவைத் திறந்து வந்து நின்றுகொண்டிருந்தார். விஷயம் தெரிந்ததும் உள்ளே போய், சாமான் கட்டுகிற அகலமான பட்டை ஒன்றை எடுத்துவந்தார்.

"புதுசு. பாக்கெட்டே பிரிக்கல" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "தூக்க ஆள் குறையுதா? செருப்பைக் கழட்டிட்டு வரட்டுமா?" என்று கேட்டார்.

"வாங்க வாங்க, உங்க கையைத்தான் தேடிட்டிருந்தோம்" என்றார் தச்சர். டயர் கடைக்காரர் தன் செருப்பை விளக்கக்காவிடம் காட்டி, "பார்த்துக்கங்கக்கா, இங்க திருட்டு ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டு ஏறினார். கடைக்குள் காற்றடிக்கிற மிஷினையும் நிறுத்திவிட்டிருந்தார். படிக்கட்டு அவ்வளவு அமைதியாக இருந்து அவள் கேட்டதே இல்லை.

முன்னால் எலக்ட்ரீஷியனும் டயர் கடைக்காரரும். பின்னால் தச்சரும் மைக் அண்ணனும். அவர்களுக்கு முன்னே குருக்கள், அம்பாளுக்கு முதுகு காட்டாமல், ஒவ்வொரு படியாகப் பின்னால் கால் வைத்து இறங்கினார். அவள் கைத்தடியை ஊன்றி எழுந்து நின்றாள்.

"மெதுவா... முன்னால தூக்கு... சாயுது, சாயுது!"

"சாயலண்ணே, அம்பாள் வளைஞ்சு பார்க்கறா. நீங்க கத்தாதீங்க."

படி ஒடிகிற இடத்தில் முதலில் தெரிந்தது குருக்களின் முதுகு. பிறகு ரப்பர் சுற்றிய குழாய் முனை. பிறகு புருஷனின் நெற்றி, வியர்வை. பிறகு பச்சைப் பட்டு. பிறகு முகம்.

வாசல் வழியாகச் சாயங்கால வெயில் நேராக வந்து அந்த முகத்தில் விழுந்தது. விளக்கு வெளிச்சத்தில் மட்டுமே பார்த்த முகம். மேலே இருந்த காலத்தில் வரிசையில் நின்று, முன்னால் நிற்பவர்களின் தலைக்கு இடையில், எட்டிப் பார்த்த முகம். இப்போது நாற்காலியைத் தரையில் இறக்கி வைத்தார்கள். அம்பாள் அவளுக்கு நேர் எதிரே, கைக்கெட்டுகிற தூரத்தில், பக்கத்து வீட்டுக்கு வந்தவள் போல உட்கார்ந்திருந்தாள். இடது காது மடிப்பில் துளி எண்ணெய்க் கறுப்பு. தேய்த்தால் போய்விடும் என்று விளக்கக்காவின் கை பரபரத்தது. வாய் எதையோ வேண்டிக்கொள்ளப் பார்த்தது, வேண்டுதல் ஒன்றும் வரவில்லை.

"வந்துட்டியா?" என்று மட்டும் கேட்டாள். "என்னைப் பார்க்கவா இறங்கி வந்தே?"

குருக்கள் அடுக்கு தீபம் ஏற்றினார். அவள் தேய்த்த தீபம். ஒவ்வொரு தட்டிலும் சுடர் இரண்டு மடங்காகத் தெரிந்தது. மேலேயிருந்த ஜனமெல்லாம் இறங்கிவந்து படிகளில் நின்றது. அன்றைக்கு எல்லோருக்கும் அவள் முதுகுக்குப் பின்னால்தான் இடம்.

தீபம் கண்ணில் ஒற்றி முடிந்ததும் அவள் நாற்காலியைப் பார்த்தாள். அந்த இரும்புக் குழாய்களைப் பார்த்தாள். அவற்றைப் பிடித்து நிற்கிற நான்கு பேரைப் பார்த்தாள். நாலு பேர் தூக்குவது என்றால் ஒன்றுதான் என்று நினைத்திருந்தாளே. அம்பாளையும் நாலு பேர்தான் தூக்கிவந்தார்கள். வழி நெடுக, சாயுது, திருப்பு என்று தலைக்கு மேலேயே பேசினார்கள். இவள் முகத்தில் ஒரு சுணக்கம் இல்லையே. பார்க்க வேண்டியவளைப் பார்க்க வந்தாள், அவ்வளவுதான்.

அம்பாள் மறுபடியும் படியேறிப் போனாள். ஏறுவது இறங்குவதைவிடக் கஷ்டமாக இருந்திருக்க வேண்டும். மைக் அண்ணன் மேலே போய்ச் சேரும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

பீடத்தில் அமர்த்தி, மணி அடித்து ஓய்ந்ததும், கீழேயிருந்து கைத்தடிச் சத்தம் கேட்டது.

"ஏங்க!"

"என்னம்மா?"

"அந்த நாற்காலி சும்மாதானே இருக்கு? கீழ வருமா?"

எலக்ட்ரீஷியன் ஓடிவந்த வேகத்தில் கடைசிப் படியைத் தாண்டிக் குதித்தார் என்று டயர் கடைக்காரர் இன்றைக்கும் சொல்லுவார்.

நாற்காலி வந்தது. ஆனால் பக்கத்தில் வந்ததும் அவள் கால் பின்வாங்கியது. மெத்தையில் அம்பாள் மாலையிலிருந்து உதிர்ந்த பூ ஒன்று கிடந்தது.

"வேண்டாம் சாமி" என்றாள் குருக்களைப் பார்த்து. "அவ உக்காந்த இடத்துல நான் போய் உக்காரலாமா? தப்பில்லையா?"

"சாமிக்குப் படைச்ச பழத்தை என்ன பண்றோம்?"

"பிரசாதம்னு வாங்கிக்கறோம்."

"இதையும் அப்படி வாங்கிக்கங்க. உங்களுக்குன்னு செஞ்சதை அவ முதல்ல எடுத்துக்கிட்டா. இப்போ திருப்பித் தர்றா."

அவள் அந்தப் பூவை எடுத்துத் தலையில் செருகிக்கொண்டாள். புருஷன் கையைப் பிடித்து, திரும்பி, மெதுவாக உட்கார்ந்தாள். மெத்தை அவளுக்குச் சரியாகப் பொருந்தியது. அளவெடுத்தல்லவா தைத்திருந்தார் மனுஷன்.

"தூக்கலாமா?"

"தூக்குங்க. ஆனா என்கிட்ட கேட்டுக்கிட்டுத் தூக்கணும். நான்தான் சொல்லுவேன், எப்போ திரும்பணும்னு."

"உத்தரவு அக்கா" என்றார் தச்சர். "நீங்க அம்பாளைவிட லேசுதான்."

"பொய் சொல்றான், நம்பாதீங்க" என்றார் மைக் அண்ணன், மூச்சிரைத்துக்கொண்டே.

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நாற்காலி குலுங்கியது. "சிரிக்காதீங்கக்கா, ஆடுது!" என்று நான்கு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். திரும்புகிற இடத்தில் பயமாகத்தான் இருந்தது. "கொஞ்சம் பொறுங்க... ம், இப்போ" என்றாள். அவள் சொன்னபடியே திரும்பினார்கள்.

மேலே மண்டபம் அப்படியே இருந்தது. அதே கற்பூர வாசனை, அதே ஓடாத கடிகாரம். கருவறைக்கு நேரே இறக்கி வைத்தார்கள். இவள் தேம்பித் தேம்பி அழப்போகிறாள் என்று பெண்கள் முந்தானையோடு தயாராக நின்றார்கள். அவள் கண் நேராக விளக்கு வைக்கிற அலமாரிக்குப் போனது.

"யாரு தூக்குவிளக்கை இப்படிக் குப்புற வெச்சது? எண்ணெய் வழிஞ்சு ஓரம் பூரா பிசுக்கு!"

எல்லோரும் எலக்ட்ரீஷியனைப் பார்த்தார்கள். அவர் கூரையிலிருந்த பல்பைப் பார்த்தார். அப்புறம்தான் அவள் அழுதாள்.

அழுது முடித்து, நான்கு பேரையும் பக்கத்தில் கூப்பிட்டாள். டயர் கடைக்காரரையும். ஒவ்வொருவருடைய கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மைக் அண்ணனிடம் வந்தபோது அவர் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார்.

"நான்தான்கா எல்லாத்துக்கும் குறுக்க நின்னேன்."

"குறுக்க நின்னீங்க. அப்புறம் நீங்களே துண்டால துடைச்சீங்க. எனக்கு ரெண்டாவதுதான் ஞாபகம் இருக்கும்" என்றாள் விளக்கக்கா.

இப்போது வியாழன், வெள்ளி இரண்டு நாளும் அந்த நாற்காலி இறங்கி ஏறுகிறது. அவள் முதலில் போவாள். மூச்சுத் திணறலால் வருவதை நிறுத்திவிட்டிருந்த ஒரு ரிட்டயர்டு வாத்தியார் சேதி கேட்டு வந்துவிட்டார், அவர் அடுத்து. தச்சர் பல்லக்கின் கிளிகளைக் கழற்றி மாட்டுகிற மாதிரி மாற்றிக்கொண்டிருக்கிறார். விளக்குகள் சாக்குப்பையில் வருவது நின்றுவிட்டது. வியாழக்கிழமைகளில் விளக்கக்கா மேலேயே உட்கார்ந்து தேய்க்கிறாள். அம்பாளின் இடது காதில் இருந்த கறுப்பைக் குருக்களிடம் சொல்லிச் சுத்தம் செய்ய வைத்துவிட்டாள்.

ஒரே ஒரு குறை பாக்கி. படி திரும்புகிற இடத்தில் நாற்காலி ஒரு பக்கம் சாய்கிறது. வாத்தியார் பயப்படுகிறார், வெளியே சொல்வதில்லை. எலக்ட்ரீஷியன் என்னென்னவோ செய்து பார்த்துவிட்டார். இதைப் படிக்கிற உங்களுடைய கோயிலும் ஒருவேளை மாடியிலோ குன்றிலோ இருக்கலாம். ஏறமுடியாதவர்களை நீங்கள் எப்படிக் கூட்டிப்போகிறீர்கள்? சாயாமல் திருப்ப என்ன வழி வைத்திருக்கிறீர்கள்? தெரிந்தவர்கள் தயவுசெய்து கீழே பதில் எழுதுங்கள். படம் இருந்தால் அதையும் போடுங்கள். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் எழுதினால் ரொம்பப் புண்ணியம்.